முதல் மாடு

ஆன்சன்: ஒரே ஒரு வரி, சத்யா. அத மாத்திட்டா முதல் மாடும் பிடிபட்டுரும். சோலி முடிஞ்சது.

சத்யப்ரியா: மொதல்ல கீபோர்டுல இருந்து கைய எடு.

ஆன்சன்: தாயி, நீ காலேஜ் படிக்கையில கம்ப்யூட்டருக்குச் செஞ்ச ஜல்லிக்கட்டு கேம். இத்தன வருசங்கழிச்சு புது கன்சோல்ல வரப்போகுது. அந்தக் கம்பெனிக்கு வெளையாடிப் பாத்துச் சொல்ற அம்மா, முதல் மாட்டப் பிடிக்கவே முடியல, கேம்ல தப்பு இருக்குன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. இன்னைக்குச் சரி பண்ணி அனுப்பலேன்னா பொங்கலுக்கு வராது…

சத்யப்ரியா: வரும்.

ஆன்சன்: எப்படி வரும்?

சத்யப்ரியா: வரும்னா வரும். வாடிவாசல்ல மொதல்ல அவுக்குறது கோயில் மாடுடா. எங்க அலங்காநல்லூர்ல எம்புட்டுப் பெரிய வீரனும் அத தொடமாட்டான். ஒதுங்கி வழி விட்டுருவான்.

ஆன்சன்: ஒங்க ஊருக்குத் தெரியும். எங்கிட்டோ வெளிநாட்டுல இருந்து வெளையாடுற அந்தம்மாவுக்கு எப்படித் தெரியும்? பேசாம, சாமி மாடு தொடாதீங்கன்னு திரையில எழுதிப் போட்டுருவோமா?

சத்யப்ரியா: ஏன், வாடிவாசல்ல போர்டு வச்சிருக்காங்களா?

ஆன்சன்: அது… நான் எங்க பாத்தேன்.

சத்யப்ரியா: என்னது?

ஆன்சன்: டிவில பாப்போம்ல. எங்க வீட்ல எல்லாரும் எந்திரிச்சு, காபியக் குடிச்சு, டிவியப் போடுறதுக்குள்ள கோயில் மாடு போயிருக்கும்…

சத்யப்ரியா: பரவைக்காரன்னு வெளிய சொல்லிராத. பஸ் ஏறுனா எங்க ஊரு.

ஆன்சன்: கிண்டலுக்கு இதுவா நேரம்?

சத்யப்ரியா: சரி, இங்க பாரு. இது என்னோட பழைய கேம். கோயில் மாடு வருது. கூட்டத்துல நிக்கிறவங்க கைய நல்லாப் பாரு.

ஆன்சன்: எங்கிட்டுப் பாக்க? எல்லாமே கட்டங்கட்டமா… ரெண்டு கையும் ஒட்டிக்கிட்டு…

சத்யப்ரியா: ம். இப்ப புதுசப் பாரு. நீ பளபளன்னு திருப்பி வரைஞ்சது.

ஆன்சன்: கை தொங்குது.

சத்யப்ரியா: ஏன் தொங்குது?

ஆன்சன்: பழைய படம்… ஒட்டிக்கிட்டுக் கெடந்துச்சா… கெட்டுப்போச்சுன்னு நெனச்சு, அம்புட்டுப் பேரு கையையும் ஒவ்வொண்ணா உக்காந்து…

சத்யப்ரியா: பிரிச்சு விட்ட.

ஆன்சன்: நல்லாத்தான இருக்கு?

சத்யப்ரியா: டேய், கும்புடுறாங்கடா!

ஆன்சன்: மாதாவே…

சத்யப்ரியா: கையத் தொங்கப் போட்டு நின்னா அந்தம்மா என்ன நெனப்பாங்க? மாட்டப் பிடிக்கத் தெரியாத பயலுகன்னுதான?

ஆன்சன்: தள்ளு, தள்ளு. இப்பவே சேத்து வச்சிர்றேன். சாயங்காலத்துக்குள்ள அனுப்பிறலாம்.

சத்யப்ரியா: வேணாம்.

ஆன்சன்: என்ன வேணாம்? பொங்கலு…

சத்யப்ரியா: நேத்தே நான் சேத்து அனுப்பிட்டேன்.

ஆன்சன்: அடிப்பாவி! அப்ப காலையில இருந்து என்னைய ஏன் இந்தப் பாடு படுத்துன?

சத்யப்ரியா: சாமி மாட்டப் பிடிக்கப் பாத்தேல்ல… அதுக்குத்தான்.

ஆன்சன்: பதில் வந்துச்சா? …சிரிக்காம சொல்லு சத்யா.

சத்யப்ரியா: பாஸு. கேம ஏத்துக்கிட்டாங்க.

ஆன்சன்: அந்தம்மா முதல் மாட்டப் பத்தி ஒண்ணும் சொல்லலையா?

சத்யப்ரியா: சொன்னாங்க. கூட்டம் கையக் கூப்புனதும், அவங்களும் கன்ட்ரோலரக் கீழ வச்சிட்டாங்களாம்.