வயலுக்கு நான் கொடுத்த பச்சை

சித்திர வகுப்பில் முதல் நாளே நான் சொல்லிவிடுவது, தூரிகையை வாயில் வைக்கக் கூடாது என்பதைத்தான். பிள்ளைகள் சிரிப்பார்கள். இருந்தாலும் சொல்லிவிடுவேன், இன்ஸ்பெக்டர் ஐயா.

கொழும்புக் கண்காட்சியில் எங்கள் கிழக்குக் கரைக்கு ஒரேயொரு படத்துக்குத்தான் இடம். எது போவது என்பதை நான்தான் தீர்மானிப்பேன். வருடா வருடம் என் படமே போனது. அதைவிட நல்லது வந்தால் நானே அனுப்புவேன் என்றுதான் நம்பியிருந்தேன்.

பிறகு மருதமுனை நெசவாளி பக்கீர் முகைதீன் தன் மகள் ஸம்ஸியாவின் படத்தைக் கொண்டுவந்தார். வயல், அதற்குப் பின்னால் கடல். ஒவ்வொரு நெல்தாளும் தனித்தனியாக நின்றது. எனக்கு வயிறு எரிந்தது. இன்னும் பழக வேண்டும் என்று திருப்பி அனுப்பினேன். மறு வருடமும் அப்படித்தான். இந்த ஐம்பத்தாறாம் வருடம், கண்காட்சிக்காரரில் ஒரு பெரியவர் கொழும்பிலிருந்து வந்து அதை என் மேசையில் கண்டுவிட்டார். இதையே பெரிதாக வரைந்து அனுப்பச் சொல்லுங்கள் என்றார்.

தகப்பனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "பிரஷை வாயில வெச்சுத்தான் கூராக்குறாள், சில்வெஸ்டர் மாஸ்டர். சொன்னாலும் கேக்கமாட்டாள்," என்று செல்லமாகக் குறைப்பட்டார். ரமழான் தலைநோன்புக்கு முதல் நாள், வயலுக்குத் தீட்டவென்று அவரிடம் பச்சைத் தூள் கொடுத்தனுப்பினேன். முன்பு பூச்சிக்குத் தூவிய நஞ்சு அது. நிறம் மட்டும் அருமை.

நோன்பை நான் யோசிக்கவில்லை. இத்தனை காலம் இந்த முஸ்லிம் சனங்களோடு இருந்தும் யோசிக்கவில்லை.

சில நாள் கழித்துப் படம் பார்க்கப் போனேன். ஸம்ஸியா திரைக்குப் பின்னால் வரைந்துகொண்டிருந்தாள். திரைக்கு வெளியே அவள் தங்கை றஹீமா, ஆறு வயது. உள்ளேயிருந்து தூரிகை வரும். பிள்ளை அதை வாயில் வைத்துக் கூராக்கி உள்ளே நீட்டும். உதடெல்லாம் பச்சை.

"ராத்தாக்கு நோன்பு. எனக்கு இல்ல. அதான் நான் எச்சி தொட்டுக் குடுக்கன்," என்றது.

தூளைத் திருப்பிக் கேட்டிருக்கலாம். ஏன் என்று கேட்பார்களே. படம் நன்றாக வருகிறது என்றேன். உண்மையிலேயே நன்றாக வந்துகொண்டிருந்தது. பிள்ளைக்குக் காலையிலிருந்து சத்தி, வயிற்றில் ஒன்றும் தங்கவில்லை என்றார் தகப்பன். மோர் கொடுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

நோன்புப் பெருநாளைக்கு முந்திய கிழமை பிள்ளை மௌத்தானது. ஸம்ஸியா அதன்பிறகு தூரிகையைத் தொடவில்லை. கண்காட்சிக்கு என் படம் போயிருக்கிறது.

பிள்ளையின் சடலத்தைச் சோதித்த டாக்டர் சொன்னது சரி, ஐயா. நஞ்சு கொடுத்தது நான்தான், ஸம்ஸியாவுக்கு. சின்னவளுக்கு நான் ஒரு கெடுதலும் நினைக்கவில்லை. என் வகுப்பில் ஒரு நாள் இருந்திருந்தால், தூரிகையை வாயில் வைக்கக் கூடாது என்று அவளுக்கும் சொல்லிக்கொடுத்திருப்பேன்.