உறவினருடன் பகிரப்படலாம்

தேத்தண்ணிக்கு நன்றி, ஐயா. சீனி கூடிவிட்டது, பரவாயில்லை. இந்த ஊரில் எதையும் அளவாகச் செய்ய ஆளில்லை.

என் பெயர் பார்த்தீபன். மன்னார் நகரில் இணையத்தளங்கள் செய்து கொடுப்பவன். அடி தாங்காமல் வீட்டைவிட்டு வரும் பெண்களுக்கு உதவுகிற ஓர் அமைப்புக்கும் நான்தான் செய்து கொடுத்தேன். தரவுப் பாதுகாப்புச் சட்டம் வருகிறது என்றதும், குக்கி பற்றிய அறிவித்தலையும் எழுதித் தரும்படி அதன் பொறுப்பாளர் அருள்நாயகி அக்கா கேட்டார். வந்து போகிறவர்களின் ஃபோனில் தளம் விட்டுவைக்கும் சின்ன அடையாளம்தான் குக்கி. யார் வந்தார், எதைத் தேடினார் என்பதை அதை வைத்துப் பார்க்கலாம். அதற்குச் சம்மதம் வாங்க வேண்டும்.

நான் எழுதியதுபோல் ஒரு சுத்தமான அறிக்கையை நீங்கள் தமிழில் வேறெங்கும் பார்க்கமாட்டீர்கள். அக்கா முதற்பக்கத்திலேயே கொட்டாவி விட்டார்.

“இவ்வளவையும் ஆர் தம்பி வாசிக்கப்போகினம்? போட்டுவிடுங்கோ.”

போட்டுவிட்டேன். அவர் வாசிக்காத பகுதியில், பார்வையாளரின் நலன் கருதி அவர் இருக்கும் இடம் உறவினருடன் பகிரப்படலாம் என்று ஒரு வரி இருந்தது. வீட்டைவிட்டு ஓடுவதை நான் ஒரு தீர்வாக நினைப்பவன் அல்ல.

வந்தவர்கள் எல்லோரும் ‘சம்மதம்’ என்பதை நுளம்பு அடிக்கிற அவசரத்தில் அமத்தினார்கள். கல்யாணத்துக்கும் இப்படித்தான் தலையாட்டியிருப்பார்கள்.

ஜெனுஷாவும் அமத்தினாள். ஓலைத்தொடுவாயில் வள்ளம் வைத்திருக்கும் எமிலின் மனைவி. கை முறிந்த நிலையில் நறுவிலிக்குளத்தில் சிநேகிதி ஒருத்தியின் வீட்டில் ஒளிந்திருந்தாள். கிட்ட உள்ள உதவி நிலையத்தை அறியத் தன் பெயரைக் கொடுத்தாள். இருக்கும் இடத்தைக் காட்டச் சிநேகிதியின் ஃபோனுக்கும் அனுமதி கொடுத்தாள். எல்லாம் என் திரையில் விழுந்தது.

அவள் விட்டுப்போன பழைய ஃபோனில் எங்கள் தளத்தையும், அதன் அடியில் என் பெயரையும் கண்டு எமில் என் கந்தோருக்கு வந்தான். கதிரை கொடுத்தேன், இருக்கவில்லை.

“தம்பி, என்ர மனுசி எங்க நிக்கிறா? பிள்ளை தாயைக் கேட்டு அழுது.”

அவர்களுக்குப் பிள்ளை இல்லை. அதையும் அவள் பதிந்திருந்தாள். இடுப்பில் கட்டியிருந்த சாரத்தில் மீன் வெட்டும் கத்தியின் பிடி தெரிந்தது. கடற்றொழில் செய்பவனிடம் கத்தி இருக்கும்தானே.

அவன் நீட்டிய காசை நான் தொடவில்லை. நீங்கள் அதைக் குறித்துக்கொள்ள வேண்டும். புருஷன் உறவினர்தானா என்று மட்டும் யோசித்தேன். உறவினர்தான். வரைபடத்தைத் திருப்பி, வீட்டைக் காட்டினேன்.

அடுத்த நாள் வாய்க்கால் கரையில் கிடந்தவளின் உடலைத் தூக்கியது உங்கள் பொலிஸ் ஆட்கள்தான்.

அவளிடமிருந்து எனக்கு ஏதும் தகவல் வந்ததா என்று கேட்கிறீர்கள். வந்தது. எமில் வருவதற்குக் கொஞ்சம் முன்னால். தன் சம்மதத்தை மீளப்பெறுவதாகவும், விபரங்களை அழிக்கும்படியும் எழுதியிருந்தாள். அதோடு நிற்கவில்லை.

“ஐயா, உறவினருக்குக் குடுக்கலாமெண்டு நீங்கள் போட்டது சட்டப்படி பிழை. என்னைத் தேடுறவரும் உறவினர்தான். தயவுசெய்து அந்த வரியை எடுத்துவிடுங்கோ.”

அறிக்கையைக் கடைசி வரை வாசித்த ஒரே ஆள் அவள்தான். வாசித்துவிட்டு எனக்கே சட்டம் சொல்லித் தந்தாள்.

அழிப்பதற்குச் சட்டம் எனக்கு அவகாசம் தருகிறது, ஐயா. அது இன்னும் முடியவில்லை. அவள்மேல் எனக்குக் கோபமும் இருக்கவில்லை. அந்த வரி செல்லும் என்று அவளுக்குக் காட்ட வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.