நல்ல தண்ணீரில் குளித்த கிட்டார்

அவைக்குத் தலைமை தாங்கும் பசியாவரத்துப் பெரியவர் செங்கல்வராயன் அவர்களே, முன்வரிசை நிறைத்திருக்கும் மூத்தோரே, மீன்கூடையை இறக்கிய கையோடு பிள்ளையை இடுப்பில் ஏந்தி வந்திருக்கும் தாய்மார்களே, நாற்காலி கிடைக்காமல் படகு விளிம்பில் ஏறி உட்கார்ந்திருக்கும் தம்பிகளே, இன்று கிட்டார் வகுப்பில் சேரக் காத்திருக்கும் கண்மணிகளே! பொன்னேரியிலிருந்து வாராவாரம் வந்து உங்களுக்குப் பாடம் நடத்தும் வைஷ்ணவியின் வணக்கம்!

புதியவர்களே, என்ன எதிர்பார்த்து வந்திருக்கிறீர்கள்? முதல் வாரம் பாட்டு, மறுவாரம் மேடை, அதற்கடுத்த வாரம் மாலையா? இல்லை! முதலில் வருவது விரல்வலி. வலை இழுத்த கைக்கு வலிக்குமா என்று கேட்கிறார் அங்கே ஒரு தம்பி. தம்பி, கயிறு காய்க்க வைத்தது உன் உள்ளங்கையை. கம்பி கடிக்கப்போவது உன் விரல்நுனியை! வலிக்கும், சிவக்கும், தடிக்கும், பிறகு பழகும். தேனாக ஒலிக்கும் என்று நினைத்து மீட்டினால் தகரமாக ஒலிக்கும். கம்பிகளைச் சேர்த்து அழுத்தும் பிடிக்குக் கார்டு என்று பெயர்; ஒரு கார்டிலிருந்து அடுத்த கார்டுக்கு விரல் போய்ச் சேர்வதற்குள் பாட்டு முடிந்திருக்கும். வீட்டில் காதைப் பொத்துவார்கள். சிரிக்காதீர்கள் அம்மா, பொத்தப்போவது நீங்கள்தான்.

பிறகு ஒருநாள், விட்டுவிடலாம் என்று தோன்றும். அந்த நாளைத் தாண்டிய ஒருவரைப் பற்றிச் சொல்லத்தான் இந்த மைக்கைப் பிடித்திருக்கிறேன்.

இறால் விற்கும் லோகநாயகி அக்காவை அறியாதவர் இங்கே உண்டா? மகள் அம்பிகா உண்டாகியிருக்கிறாள் என்று தெரிந்த வாரமே வகுப்புக்கு வந்துவிட்டார். வளையல் குலுங்கும் ஓசை வயிற்றுப் பிள்ளைக்குக் கேட்கும் என்கிறோமே, தன் கிட்டாரும் கேட்கவேண்டும் என்று ஆசை. அழகான ஆசை, அடம்பிடித்த ஆசை!

வகுப்புக் கிட்டாரை ஆளுக்கு ஒரு வாரம் வீட்டுக்குக் கொண்டுபோவோம். அக்காவின் முறை வந்தபோது படகில் காற்றடித்து, நம் ஏரியின் உப்புத்தண்ணீர் கிட்டாரின்மேல் தெறித்தது. அக்கா என்ன செய்தார் தெரியுமா? உப்புப் பட்ட படகு எஞ்சினுக்கு நீங்கள் எல்லாரும் எதைச் செய்வீர்களோ அதைத்தான் செய்தார். குடம் குடமாக நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவி, உச்சி வெயிலில் காயவைத்தார்! மரம் உப்பி, கம்பி கட்டும் கட்டை பிளந்துகொண்டு வந்துவிட்டது.

மறுவாரம் அதைத் துணியில் சுற்றி என்முன் வைத்தார். "நல்லதுன்னு நெனச்சித்தான் செஞ்சேன் மிஸ். எனக்கு இதெல்லாம் வராது, வுட்டுடுறேன்" என்றார்.

எனக்குக் கோபம் வந்ததா? வந்தது, மறைப்பானேன்! ஆனால் ஒரு நொடி யோசித்தேன். இந்த ஊர் எதை நல்ல தண்ணீரில் குளிப்பாட்டும்? தனக்குச் சோறு போடும் பொருளை, தான் உயிராக நினைக்கும் பொருளை! அப்படி நினைப்பவரை வகுப்பை விட்டு அனுப்பலாமா? அனுப்பவில்லை. படகுக்கு ஓட்டை அடைக்கும் மோகன்குமார் அண்ணன் அதே பைபர் பசையைப் போட்டுக் கட்டையை ஒட்டிக்கொடுத்தார். ஓசை கொஞ்சம் கனத்துவிட்டது, ஆனால் நிற்கிறது. அக்காவும் நின்றார்.

இன்று காலை அம்பிகாவுக்கு வளைகாப்பு. அங்கே வாசிப்பதாக இருந்த அக்காவுக்கு, ஊரே கூடியதைப் பார்த்ததும் கூச்சம் வந்துவிட்டது. கிட்டாரை உறையிலிருந்து எடுக்கவே இல்லை. இப்போதும் மேடைக்குப் பின்னால்தான் இருக்கிறார். "கை நடுங்குது மிஸ். தப்பா வாசிச்சா இன்னா செய்றது?" என்று சற்றுமுன் கேட்டார்.

தப்பாகத்தான் வரும் அக்கா! இரண்டாவது கார்டில் விரல் தடுக்கும். இதோ, ஊருக்கே முன்கூட்டிச் சொல்லிவிட்டேன். இனி எதற்குப் பயம்? புதியவர்களே, கிட்டார் வகுப்பில் நீங்கள் எதிர்பார்க்க வேண்டியது இதுதான். நடுங்கும் கையோடு ஒருநாள் வாசிப்பீர்கள். உங்களுக்கு வேண்டியவர் ஒருவர் அதைக் கேட்பார்!

அம்பிகா, எழுந்து மேடையோரமாக வாம்மா. காலையில் வளையல் கேட்ட பிள்ளை, இப்போது ஆயாவின் கிட்டாரையும் கேட்கட்டும். பொறுமையாகக் கேட்ட காதுகளுக்கு நன்றி. வலிக்கப்போகும் விரல்களுக்கு வணக்கம்!

அக்கா, வாங்க.