தட்டின் ஓரத்துக் கிண்ணம்

தராசு பொய் சொல்லாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், ஐயா. இருபத்தெட்டு வருஷமாக நான் பார்க்கிற வேலையே அதுதான். கடை கடையாகப் போய்த் தராசையும் எடைக்கல்லையும் சோதிப்பேன். சரியாக இருந்தால் முத்திரை குத்துவேன், இல்லாவிட்டால் கையோடு எடுத்துக்கொண்டு வந்துவிடுவேன். கடைக்காரர் எவ்வளவு யோக்கியர் என்பது பேச்சே இல்லை. யோக்கியருடைய தராசும் வருஷத்துக்கு ஒரு தடவை சோதனைக்கு வந்தே தீர வேண்டும். இதில் கோபித்துக்கொள்ள ஒன்றும் கிடையாது.

என்னைப் பற்றி விசாரித்திருப்பீர்கள். குடி கிடையாது, புகை கிடையாது. சோதனைக்குப் போன இடத்தில் ஒரு வாய் தண்ணீர்கூட வாங்கிக் குடித்ததில்லை. கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை, அம்மாவைப் பார்த்துக்கொண்டேன். எங்கள் கிறிஸ்தவ சபையில் நான் மூப்பர், போதகருக்கு அடுத்த பொறுப்பு. மாதத்தின் முதல் ஞாயிறு திருவிருந்து. போதகர் முன்னால் அப்பம் கொடுத்துக்கொண்டு போவார். பின்னால் திராட்சை ரசக் கிண்ணங்கள் அடுக்கிய தட்டை ஏந்திப் போவது நான். ஒரு மடக்கு கொள்ளும் சின்னக் கண்ணாடிக் கிண்ணங்கள், மொத்தம் நாற்பது. பத்தொன்பது வருஷத்தில் ஒரு சொட்டு சிந்தியதில்லை. அதற்காக யாரும் ஒரு வார்த்தை பாராட்டியதும் இல்லை. பாராட்டுக்காகச் செய்கிற ஆள் நான் இல்லை.

என் தம்பி வீடுகளுக்கு வர்ணம் அடிப்பவன். கை சுத்தமான வேலைக்காரன், ஆனால் குடி. குடிகாரன் பேச்சு விடிந்தால் போச்சு என்பார்கள். அவன் பேச்சு விடியும் வரைகூடத் தாங்காது. ஒரு தடவை வீட்டுச் சுவர்க் கடிகாரத்தைக் கொண்டுபோய் விற்றுவிட்டு, மறுநாள் காலை என்னிடமே வந்து மணி என்ன என்று கேட்டான். பதினைந்து வருஷம் இப்படி. கடைசியில் வயிறு வீங்கி ஆஸ்பத்திரியில் கிடந்தான். டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு உட்கார வைத்துச் சொன்னார்.

“மறுபடி ஆரம்பிச்சார்னா அவரால நிறுத்த முடியாதுங்க. ஈரலும் தாங்காது. ஒரு வாய்கூடப் படக் கூடாது. வீட்ல இருக்கறவங்கதான் பாத்துக்கணும்.”

கவனமாகக் கேட்டுக்கொண்டேன். எனக்கு ஞாபகசக்தி அதிகம்.

அவன் விட்டுவிட்டான். அதைச் சொல்லாவிட்டால் அநியாயம். ஒன்றரை வருஷம் தொடவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை சபைக்கு முன்னால் நின்று, குடியை விட்டதைச் சாட்சியாகச் சொன்னான். சபையே எழுந்து நின்று கை தட்டியது. போதகர் அவனைக் கட்டிக்கொண்டார். அடுத்த மாதத்திலிருந்து திருவிருந்துக்குப் போதை உள்ள பழைய ரசம் வேண்டாம், புளிக்காத திராட்சைச் சாறே போதும் என்று முடிவு பண்ணினார்கள். எல்லாம் அவன் ஒருவனுக்காக. மூப்பரான என்னை யாரும் கேட்கவில்லை.

அவன் சாட்சி சொன்ன அன்று மத்தியானம் சாப்பாட்டில் அம்மா அவனுக்கு இரண்டாம் தடவை பரிமாறினார்கள். “பெரியவனே, உன்னப் பத்தி எனக்கு என்னிக்குமே கவலை இருந்ததில்லப்பா. நீ பாட்டுக்கு இருந்துடுவ. இவனுக்காகத்தான் நான் அழுத அழுகை எல்லாம். இன்னிக்குத்தான் எனக்குப் பிள்ளை பொறந்த மாதிரி இருக்கு,” என்றார்கள்.

எனக்கு வலித்தது, ஐயா. மறைப்பானேன்? ஐம்பத்திரண்டு வயதுவரை விழாமல் நடந்தவனுக்கு யார் கை தட்டுகிறார்கள்? கையைக் காலை உடைத்துக்கொண்டு எழுந்தவனைத்தான் தலையில் தூக்கி வைத்து ஆடுகிறார்கள். பிறகு போதகர் வேறு ஒரு நாள் வீட்டுக்கு வந்து, “அடுத்த வருஷத்துலேந்து தட்டைச் சின்னவர் ஏந்தட்டுமே, பாக்கறவங்களுக்கு ஒரு நம்பிக்கை வருமில்ல,” என்றார். தாராளமாக என்றேன். நான் பிறகு செய்ததற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. கேள்வி வரும் என்பதால் முன்கூட்டியே சொல்கிறேன்.

நான் யோசித்தது ஒன்றே ஒன்று. சோதிக்காமல் முத்திரை குத்தலாமா? அவன் மனந்திரும்பியது உண்மையானால் ஒரு மடக்கு அவனை என்ன செய்துவிடும்? பொய்யானால் சபை அதைத் தெரிந்துகொள்ள வேண்டாமா?

பழைய ரசத்தில் ஒரு பாட்டில் கோயில் அலமாரியில் மிச்சம் இருந்தது. சாவி என்னிடம். அம்மாவும் அவனும் எப்போதும் வரிசையின் இடது ஓரத்தில் முழங்கால் போடுவார்கள். அடுத்த திருவிருந்தில், தட்டின் ஓரத்தில் ஒரு கிண்ணத்தில் மட்டும் பழைய ரசத்தை ஊற்றி, என் கையாலேயே எடுத்துக் கொடுத்தேன்.

வாயில் பட்டதும் அவனுக்குத் தெரிந்துவிட்டது. நிமிர்ந்து என்னைப் பார்த்தான். உங்களுக்கு ஒரு விஷயம் புரிய வேண்டும். திருவிருந்து ரசத்தைத் துப்ப முடியாது. ஆண்டவர் எங்களுக்காகச் சிந்திய ரத்தம் என்று நம்பி வாங்குகிறோம். பக்கத்தில் அம்மா கண்ணை மூடி ஜெபித்துக்கொண்டிருந்தார்கள். விழுங்கினான். விழுங்கி, ஆமென் சொன்னான்.

ஆராதனை முடிந்து நான் கிண்ணங்களைக் கழுவிக்கொண்டிருந்தபோது வந்து நிலைப்படியில் நின்றான்.

“அண்ணா, பழைய பாட்டில்லேந்து தப்பா ஊத்திட்ட போல. பாத்துக்கோ.”

“பாக்கறேன்,” என்றேன். பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அந்த மாதம் முழுக்க அவன் குடிக்கவில்லை. முகம் மட்டும் கறுத்துப் போயிருந்தது. ஒரு சோதனை போதாது. தராசைக்கூட நாங்கள் மூன்று எடையில் சோதிப்போம்.

இரண்டாம் மாதமும் கொடுத்தேன். அதையும் விழுங்கினான். அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும், ஆனால் அவன் நகரவில்லை. எனக்கு அது ஆச்சரியமாக இருந்தது. உண்மையைச் சொன்னால், கொஞ்சம் எரிச்சலாகவும் இருந்தது.

மூன்றாம் திருவிருந்துக்கு முந்தின நாள் காலை என் அறைக்கு வந்தான். வேலை உடுப்பில் சுண்ணாம்பு காய்ந்திருந்தது. நாற்காலியில் உட்காராமல் தரையில் உட்கார்ந்தான்.

“வேண்டாம்ணா. நாளைக்கு வேண்டாம். ரெண்டு தடவை எப்படியோ தாண்டிட்டேன், இனிமே என்னால முடியாது. தூக்கத்துலகூட நாக்கு தேடுது. நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். சொன்னா அம்மா உடைஞ்சுபோயிடுவாங்க. உனக்கு என் மேல என்ன கோபமோ அதை வேற எப்படியாவது தீர்த்துக்கோ. அடிக்கணும்னா அடி.”

“எனக்கு யார் மேலயும் கோபம் இல்ல,” என்றேன். “பயமா இருந்தா நாளைக்குத் திருவிருந்துக்கு வராதே.”

“வரலைன்னா அம்மா என்ன நினைப்பாங்க? மறுபடி குடிச்சுட்டேன்னுதானே?”

ஊற்றுவேன் என்றும் சொல்லவில்லை, ஊற்ற மாட்டேன் என்றும் சொல்லவில்லை. அவனாக ஏதாவது அர்த்தம் எடுத்துக்கொண்டிருந்தால் அதற்கு நான் பொறுப்பாக முடியாது.

மதுக்கடைக்குள் நான் சொந்தக் காரியமாகக் கால் வைத்ததில்லை. ஆனால் பாட்டில்களில் அளவு சரியாக இருக்கிறதா என்று பார்ப்பதும் எங்கள் வேலை. அளந்து பார்க்கத் திறந்த பிராந்தியைக் கீழே கொட்டிவிட வேண்டும். அந்த வாரம் ஒன்றைக் கொட்டாமல் வைத்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமை அந்த ஓரத்துக் கிண்ணத்தில் அதை ஊற்றினேன். நிறம் தெரியாமல் இருக்க மேலே கொஞ்சம் சாறு.

வாய்க்குக் கொண்டுபோகும் முன்பே அவனுக்கு வாசனை தெரிந்தது. என்னைப் பார்த்தான். நானும் பார்த்தேன். அம்மாவின் கை அவன் தோள்மேல் இருந்தது. இவ்வளவு சின்னக் கிண்ணத்தைக் குடிக்க ஒரு மனிதன் அவ்வளவு நேரம் எடுத்துக்கொள்வதை நான் பார்த்ததில்லை. ஆமென் மட்டும் வரவில்லை.

அம்மாவை வீட்டு வாசல்வரை கொண்டுவந்து விட்டான். பிரஷ் வாங்கிக்கொண்டு வருகிறேன் என்று போனவன் திரும்பி வரவில்லை. ஐந்து நாள் கழித்து ஆஸ்பத்திரியிலிருந்து ஆள் வந்தது. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது ரத்தமாக வாந்தி எடுத்துக்கொண்டிருந்தான். அம்மா துடைக்கத் துடைக்க வந்துகொண்டே இருந்தது. என்னைப் பார்த்து ஏதோ சொல்ல வாயெடுத்தான். அம்மா பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு, வாயை மூடிக்கொண்டான். சாயங்காலத்துக்குள் முடிந்துவிட்டது. கொடுத்த வாக்கைக் கடைசிவரை காப்பாற்றினான். அந்த ஒரு விஷயத்தில் அவனைக் குறை சொல்ல முடியாது.

அடக்க ஆராதனையில் போதகர், மனிதன் பலவீனமானவன் என்று பேசினார். யாரும் கை தட்டவில்லை. அம்மா என் கையை விடவே இல்லை. “நீ ஒருத்தன்தான்டா எனக்கு மிச்சம். நீதான் நல்ல பிள்ளை,” என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள். வெகுகாலம் கழித்து அன்று நன்றாகத் தூங்கினேன்.

நான் இப்போது ஸ்டேஷனுக்கு வந்தது எதற்கென்று கேட்டீர்கள். கள்ளச் சாராயமாக இருக்குமோ என்று அன்று ஆஸ்பத்திரியில் நீங்கள் என்னிடம் ஒரு வாக்குமூலம் எழுதி வாங்கினீர்கள். தம்பிக்கு மறுபடி குடிக்கக் கொடுத்தது யார் என்று கேட்டீர்கள். பக்கத்தில் அம்மா இருந்தார்கள். தெரியாது என்று சொல்லிவிட்டேன். கீழே என் கையெழுத்தும் இருக்கிறது. அது பொய், ஐயா. என் வாழ்க்கையில் நான் சொன்ன ஒரே பொய். ஒரு மாதமாக அது என்னை அரிக்கிறது. அந்த வரியை அடித்துவிட்டு, கொடுத்தது நான்தான் என்று திருத்திக்கொள்ளுங்கள். எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டினால் போட்டுவிட்டுக் கிளம்புகிறேன். நாளைக்குத் திருவிருந்து. மனதில் ஒரு பாவத்தை வைத்துக்கொண்டு நான் தட்டைத் தொடுவதில்லை.