ஒரு வார்த்தை கூடத் தெரியாது

...அதத்தான் சொல்றேன் தங்கச்சி, இந்த முதலாளியம்மாவுக்கு டீச்சரும் ஒண்ணுதான், ஃப்ரிட்ஜும் ஒண்ணுதான்! சிரிக்காத. போன வாரம் அவங்க அக்காகிட்ட ஸ்பீக்கர்ல போட்டுப் பேசுது. அந்த அக்கா ஊருக்கு அந்தப் பக்கம் இதே மாதிரி ஒரு இங்கிலீஷ் சென்டர் நடத்துது. 'உன்னுது எத்தன வருஷமாச்சு, பதினொண்ணா? அடேங்கப்பா! என்னுது ரெண்டாவது வருஷமே மக்கர் பண்ணிடுச்சு'ங்குது அக்கா. இந்தம்மா என்ன சொல்லுது தெரியுமா? 'என்னுது சத்தமே போடாது'ங்குது! நான்தான் தங்கச்சி அந்தச் சத்தம் போடாதது. எதுத்தாப்ல அட்டெண்டன்ஸ் நோட்ட நீட்டிக்கிட்டு ஈன்னு சிரிச்சுட்டு நிக்கிறேன்.

ஏன் எழுந்திரிக்கிற? ஒக்காரு ஒக்காரு. இன்டர்வியூ பத்து மணின்னா பத்தரைக்குத்தான் கூப்பிடும். எனக்கும் அடுத்த கிளாஸுக்கு இன்னும் நேரம் இருக்கு. தாராளமா சத்தமாவே பேசலாம். கதவு தொறந்திருந்தா என்ன, தமிழ்ல அதுக்கு ஒரு எழுத்து தெரியாது. அப்பா, தமிழ்ல பேசி எத்தன நாளாச்சு! வீட்டுக்காரர் இருக்கார், அவர்கிட்ட பேசறதுக்கு செவுத்துகிட்ட பேசலாம், அதாச்சும் எதிரொலிக்கும். நீ பாவம், வசமா மாட்டிக்கிட்ட.

வரும்போது ரோட்டப் பாத்தாப்ல ஒரு கண்ணாடி ரூம் பாத்தியே, அதான் என் கிளாஸ். பின்னாடி நல்ல காத்தோட்டமா நாலு ரூம் இருக்கு. ஆனா வெளிநாட்டு டீச்சர் ரோட்டுக்குத் தெரியணுமாம்! போறவங்க வர்றவங்கல்லாம் நின்னு பாக்கறாங்க. மூக்கு அரிச்சா சொறிய முடியல. தும்மல் வந்தா மேஜைக்கு அடியில எதையோ தேடற மாதிரி குனிஞ்சு தும்மறேன். துணிக்கடை பொம்மைக்கு ஒரு புடவ கட்டிவிட்டா அதான் நான்... ஆ, புடவ கட்டச் சொல்லி வேற கேட்டுச்சு, 'இன்னும் வெளிநாடா தெரியும்'னு! நான் பேன்ட் போட்டுட்டு வந்தா அது மூஞ்சி தொங்கிப்போயிடும்.

அந்த போர்டு? வாசல்ல பெருசா வெச்சிருக்கே, தங்கக்கலர் முடியோட ஒரு பொண்ணு? யாருக்குத் தெரியும் அது யாருன்னு! எங்கயோ கம்ப்யூட்டர்லேர்ந்து எடுத்து ஒட்டிருக்கு. பெத்தவங்க வந்து 'அந்த டீச்சர் எங்க'ன்னு கேப்பாங்க. 'லீவுல இருக்காங்க'ங்கும் இது. பதினோரு வருஷமா லீவு தங்கச்சி! நான் மூணு நாள் ஜுரம்னு படுத்தேன், நாலு தடவ போன் பண்ணுச்சு. படத்துல இருக்கறவளுக்குப் பதினோரு வருஷ லீவு, உசுரோட இருக்கறவளுக்கு மூணு நாள் ஆகாது.

எங்க விட்டேன்? ஆங், இந்த சென்டரையே பாத்துக்கற பொறுப்பு டீச்சர் வேல. அதுக்குத்தானே நீயும் வந்திருக்க? மறைக்காத, உன் ஃபைல்ல எழுதியிருக்கு. கோவமெல்லாம் இல்ல, நீ என்ன பண்ணுவ. ஆனா அந்த வேலைல என்ன இருக்குன்னு தெரிஞ்சுக்கோ. அஞ்சு வருஷ கான்ட்ராக்ட். எனக்கு இப்ப வருஷத்துக்கு வருஷம்தான். ஒவ்வொரு வருஷமும் விசா ஆபீஸ்ல நான், வீட்டுக்காரர், பொண்ணு மூணு பேரும் ஃபைலத் தூக்கிட்டு வரிசைல நிக்கணும். பொண்ணுக்குப் பன்னெண்டு வயசு. போன தடவ வரிசைல நிக்கும்போது கேட்டா, 'அம்மா, அடுத்த வருஷமும் இதே ஸ்கூல்தானா, இல்ல ஃப்ரெண்ட்ஸ்கிட்ட இப்பவே சொல்லிடணுமா'ன்னு. சாதாரணமாத்தான் கேட்டா. எனக்கு அன்னைக்குச் சோறு எறங்கல. இந்த அஞ்சு வருஷம் கெடச்சா அவ ஸ்கூல முடிச்சுடுவா. அதுக்குத்தான் இந்தப் பொறுப்பு, இல்லன்னா சாவிக்கொத்தத் தூக்கிட்டு அலைய எனக்கென்ன ஆசையா?

ஆனா எனக்குத் தராதாம். ஏன்னா பொறுப்பு டீச்சர் பெத்தவங்ககிட்ட இவங்க பாஷைல பேசணுமாம். 'பாவம், அவளுக்கு நம்ம பாஷைல ஒரு வார்த்த கூடத் தெரியாதே'ன்னு என்னப் பத்தி என் முன்னாடியே சொல்லுது. பாவமாம்ல!

என்ன? தெரியாதாவா? எனக்கா? ஐயோ தங்கச்சி, நான் இவங்க பாஷைல கனவே காணுறேன்! காய்கறிக் கடைல வந்து பாரு. 'கடைசி வெல சொல்லுங்க, இல்லன்னா நான் கெளம்பறேன்'னு பைய மடிச்சேன்னா கடக்காரன் பின்னாடியே ஓடி வருவான். வீட்டுக்காரர் பத்தடி தள்ளிப் போய் நின்னுப்பார், யாரோ எவரோன்னு. போன மாசம் பாதி பேரத்துல திரும்பிப் பாக்கறேன், என் கிளாஸ் பையனோட அம்மா! அவ்ளோதான், நான் ஊமை. கத்திரிக்காயக் காட்டி, விரலக் காட்டி, கையெடுத்துக் கும்பிட்டு, சொன்ன வெலயக் குடுத்துட்டு வந்தேன். கடக்காரன் எனக்குப் பக்கவாதம்னு நெனச்சு ஒரு ஸ்டூல் போட்டான்! வீட்டுக்காரர் வீட்டுக்கு வந்து கதவ சாத்திட்டு, 'இன்னும் எத்தன நாளைக்கு இந்தக் கூத்து'ன்னு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

நீயும் அதத்தான கேக்கப்போற? 'தெரியும்னு சொல்லிட வேண்டியதுதான'ன்னு. கண்ணு அப்படியே கேக்குது.

சொல்லலாம்... சொல்லலாம்தான்... சரி, உன்கிட்ட மறைச்சு என்ன ஆகப்போகுது. பதினோரு வருஷம் முன்னாடி இதே சோபா. இதே ஸ்பிரிங் அப்பவும் குத்துச்சு. அப்பவே நான் இந்த ஊருக்கு வந்து ரெண்டு வருஷம் ஆகியிருந்துச்சு, கீழ் வீட்டுத் தையக்காரம்மாகிட்ட பேசிப் பேசி பாஷையெல்லாம் கத்துக்கிட்டேன். இந்தம்மா என் சர்டிபிகேட்ட தொறந்துகூடப் பாக்கல. 'எங்க பாஷ தெரியுமா'ன்னு ஒரே கேள்வி. அது பாட்டுக்குச் சும்மாதான் கேட்டுச்சு. நான்தான் பெரிய புத்திசாலி! தெரியாதுன்னாத்தான் சுத்தமான வெளிநாட்டு டீச்சர்னு மதிப்பாங்கன்னு நானே கணக்குப் போட்டு, 'ஒரு வார்த்த கூடத் தெரியாது'ன்னேன். அதோட விட்டேனா? அது 'நன்றி'ன்னு சொன்னதுக்கு, 'அப்படின்னா என்னங்க'ன்னு கேட்டேன் பாரு! அதுலேர்ந்து எல்லார்கிட்டயும் பெருமையா அதத்தான் சொல்லிட்டுத் திரியுது. நான் எப்படி வாயத் தொறக்கறது? தெனம் எட்டு மணி நேரம் அடக்கி அடக்கி வெச்சு, அதான் உன்னப் பாத்ததும் இப்படிக் கொட்டறேன்.

பொண்ணோட ஸ்கூல் மீட்டிங்லயும் இதே கததான். இங்க படிக்கற பசங்களோட அம்மாங்க பாதிப் பேரு அங்க இருக்காங்க. என் பொண்ணுதான் எனக்கு மொழிபெயர்ப்பு. அவளப் பத்தி அவ டீச்சர் சொல்ற புகாரு பூரா பாராட்டா மாறித்தான் எனக்கு வருது! எனக்கு எல்லாம் புரியுதுன்னு அவளுக்கும் தெரியும், ஆனா என்னால வாயத் தொறந்து கேக்க முடியாதுன்னும் தெரியும்.

ஷ்ஷ்... இரு. போன் வந்திருக்கு. அக்காதான், அந்தக் குழையற குரல் அக்காவுக்கு மட்டும்தான். இரு, உனக்கு அப்படியே சொல்றேன். உனக்கே புரியுமா? பரவால்ல, நான் சொல்றேன், பழகிடுச்சு.

'ஆமா, ஒரு பொண்ணு வந்திருக்கா'... அது நீ. 'வெளிய நம்ம டீச்சர் அவகிட்ட பேசிட்டு இருக்கா, அரை மணி நேரமா மூச்சு விடல'... கேக்குது பாரு அதுக்கு! 'இல்லக்கா, பழைய டீச்சர் கேட்டா அவளுக்கே குடுத்துடுவேன்'... எனக்கா? கேட்டாவா? 'ஆனா கேக்கமாட்டா'... ஏன் கேக்கமாட்டேன்? 'பாஷயா? அதெல்லாம் சூப்பராப் பேசுவா'...

...

'ரெண்டாவது வருஷமே தெரியும்க்கா. காய்கறிக் கடைல பின்னாடி நின்னு கேட்டேன். என்னமா பேரம் பேசுறா! நானே அதுலேர்ந்து அவ மாதிரிதான் பேரம் பேசுறேன்'... தங்கச்சி, என் கையப் புடி. 'நான் எதுக்குச் சொல்லணும்? அவ தெரியாதுன்னு சொல்ற வரைக்கும் எனக்கு நிம்மதி. பதினோரு வருஷத்துல ஒரு நாள் எதுத்து ஒரு கேள்வி கேட்டதில்ல. சம்பளம் ஏத்துன்னு கேட்டதில்ல. எப்படிக் கேப்பா? கேட்டா பேச்சு வளரும், கோவத்துல நம்ம பாஷ வந்து மாட்டிப்பாளே. இப்பவும் காதுல விழும், விழாத மாதிரிதான் ஒக்காந்திருப்பா'...

சிரிக்குது. போன்ல அக்கா சிரிக்கறதும் இங்க வரைக்கும் கேக்குது.

நீயும் சிரிக்கிறியா? சிரி சிரி, பரவால்ல. எனக்கே சிரிப்பு வருது, அழுகையும் வருது, ரெண்டும் ஒண்ணா வருது. அடிப்பாவி! தும்மலக்கூட மறைச்சேனேடி... உன்ன இல்ல தங்கச்சி, அதச் சொல்றேன். இல்ல, என்னயச் சொல்றேன். பூட்டு என் வாயில, சாவியும் என் கையிலயே இருந்திருக்கு!

இந்தா, இந்தப் பையக் கொஞ்சம் புடி. முடி கலைஞ்சிருக்கா? இருக்கட்டும்.

ஐயோ, வெளிய வந்துடுச்சு. உன்னத்தான் விரலக் காட்டிக் கூப்பிடுது... நீ ஒக்காரு. நான் போறேன். என்ன சொல்றது? மொத வார்த்த என்ன? நாக்கு ஒட்டிக்கிச்சே! இவ்ளோ பாஷ வெச்சிருக்கேன், ஒண்ணும் வரமாட்டேங்குது...

"கடைசி வெல சொல்லுங்க, இல்லன்னா நான் கெளம்பறேன்!"

தங்கச்சி... சொல்லிட்டேன்! அவங்க பாஷைலயேதான் சொன்னேன், இல்ல? கத்தியா சொன்னேன்? அது மூஞ்சியப் பாரு, கடக்காரன் மூஞ்சி அப்படியே! கதவப் புடிச்சுட்டு நிக்குது... 'அஞ்சு வருஷம்'ங்குது. 'உள்ள வந்து ஒக்காந்து பேசு'ங்குது. ஒக்காரச் சொல்லுது தங்கச்சி! பதினோரு வருஷத்துல அந்த ரூம்ல நான் ஒக்காந்ததே இல்ல.

வர்றேங்க, இதோ வர்றேன்! ...ஐயோ, அதத் தமிழ்ல சொல்லிட்டேன். பைய சோபாலயே வெச்சுடு. கண்ணாடி ரூம் காலியாகுது, உன்னத்தான் அடுத்து கூப்பிடும். மொத கேள்வி அதேதான் கேக்கும். புண்ணியமாப் போகும், தெரியும்னு சொல்லித் தொலை!