மணியகாரர் சீட்டு

ஆமாங்க சாமி, சென்னப்பட்டணத்துப் பைத்தியக்கார ஆசுபத்திரிக்கு அனுப்பத்தான் மனு. கோர்ட்டு வாசல்ல நீங்கதான் பதமா எழுதுவீங்கன்னாங்க. எம்பேரு காளியப்பனுங்க, வெண்ணந்தூரு, தறிக்காரன். புள்ள பேரு மயிலம்மாள், வயசு பதினாறு. கொஞ்சம் மெதுவாக் கேளுங்க, செவ்வாய்ப்பேட்டைக்கு நூலு வாங்க வர்ற எங்கூர்க்காரங்க ஆராச்சும் இப்படி வருவாங்க.

இன்னாரு புள்ளதான்னு ஊர் மணியகாரர் எழுதித் தர்ற சீட்டுங்களா? அது... இருங்க, டாக்டருங்க குடுத்ததைக் காட்டறேன். இது ராசிபுரத்து டாக்டர் எழுதுனது. அவருதான் சேலத்துப் பெரிய டாக்டருகிட்ட அனுப்புனாரு. இவரு பாத்துட்டு, இப்பவே சேத்தா தெளிஞ்சுக்கும், ஆனா மேஜிஸ்திரேட் உத்தரவு இல்லாம அங்க எடுத்துக்க மாட்டாங்கன்னுட்டாரு.

ரெண்டு வருசமாச்சுங்க. தறிக்குத் தாருல நூலு சுத்திட்டிருந்த புள்ள, சுத்துனதையெல்லாம் பிரிச்சுப் போட்டுட்டு அழுவும். செவுத்தோட பேசும். நாமகிரிப்பேட்டையில மந்திரிச்சுக் கயிறு கட்டினோம். பொறவு ஊருக்கு வெளிய, காட்டுச் சாளைக் குடிசையில கொண்டுபோய் வெச்சோம், அவங்கம்மா காவலுக்கு இருப்பா. அடிக்கலீங்க. ஒருக்கா அடிச்சேன்.

ஏனுங்க, மணியகாரர் சீட்டு இல்லாம ஆகவே ஆகாதுங்களா? எம்புள்ளதான்னு நானே கைநாட்டு வெக்கறேனே.

என்னத்தச் சொல்றது. மூத்தவளைப் பாக்க வந்தவங்க, சின்னவளுக்குக் கிறுக்காமேன்னு எந்திரிச்சுப் போயிட்டாங்க. ரெண்டு எடம் அப்படிப் போச்சு. போன ஐப்பசியில ஊர்ல வாந்திபேதி. மணியகாரரு ஊட்டுக்குப் போயி, சின்னவ போயிட்டாளுங்கன்னேன். நோவுக்குப் பயந்து ஒருத்தரும் எட்டிப் பாக்கலீங்க. அவரும் செத்தவங்க பொஸ்தகத்துல எழுதிக்கிட்டாரு. தையில மூத்தவ கல்யாணம் முடிஞ்சுது. இப்ப உண்மை தெரிஞ்சா அவளைத் திருப்பி அனுப்பிருவாங்க. மணியகாரரு முன்னால நான் எந்த மூஞ்சிய வெச்சுட்டு நிப்பேன்?

அதா, வேப்பமரத்தடியில முக்காடு போட்டுட்டு அவங்கம்மாகூட ஒக்காந்திருக்குதே, அதுதாங்க மயிலம்மாள். ஊருக்காகக் கருமாதியும் செஞ்சேனுங்க. அன்னிக்குச் சுட்ட வடையில நாலை மடியில கட்டிட்டுச் சாளைக்குப் போனேன். ஆருக்குப்பா காரியம்னு கேட்டுட்டே தின்னா. நல்லாருக்குதுன்னா.