மூன்றாம் ஓலை

தலைமை ஏற்றிருக்கும் தீர்த்தகிரி ஐயா அவர்களே, எனக்கு முன்னால் சட்டம் பேசி அமர்ந்த வக்கீலம்மா கவிப்பிரியா அவர்களே, கடத்தூர்ப் பெரியவர்களே, பத்து மாதம் சுமந்து பெற்ற தாய்மார்களே, வணக்கம். நான் வேளாங்கண்ணி. நாலாவது வரை படித்தவள். வரும் வியாழன் கோர்ட்டில் என் கேஸ். அதற்கு முன்னால் உங்களிடம் பேச வந்திருக்கிறேன்.

"மைக்கக் கிட்ட புடிங்கக்கா, கேக்கல!" பிடிக்கிறேன் தம்பி. இப்போது கேட்கிறதா?

என் மகள் ஆக்சிலியாவைக் கொன்றவன் என் கூடப்பிறந்த தம்பி மதலைமுத்து. அதைக் கௌரவக் கொலை எனலாமா கூடாதா என்பதுதான் இன்றைய பேச்சு.

அவள் கட்டிக்கொள்ள இருந்த கதிரவனும் எங்கள் மாதா கோயிலில் பூசை காண்கிற பையன்தான். சாதிதான் வேறு. என் பிள்ளை ஓடிப்போனாளா? ஒளிந்து கட்டினாளா? கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு கோயிலில் ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை தெரிந்தவர்கள் வந்து சொல்லக் கடமைப்பட்டவர்கள் என்று ஊரறிய வாசிப்பார்கள். முதல் ஓலை வாசித்தார்கள், இரண்டாம் ஓலை வாசித்தார்கள். என் தம்பி முன்வரிசையில் முழங்காலில் இருந்தான். வாய் திறந்தானா?

முதல் பத்திரிகை தாய்மாமனுக்கு. அது எங்கள் வழக்கம். "மாமன் திட்டுனா இன்னாம்மா பண்றது?" என்றாள். "சீரு வாங்கப் போறவ ரெண்டு திட்டும் வாங்கிக்கோடி" என்று சிரித்து அனுப்பியவள் நான். பெற்றவள் நானே அனுப்பினேன், தாய்மாரே! வெற்றிலைத் தட்டோடு போனவள் வெள்ளைத் துணியில் வந்தாள். மூன்றாம் ஓலை வாசிக்க வேண்டிய ஞாயிறு அவளுக்கு மண் போட்டோம்.

எது கௌரவம்? பத்திரிகை நீட்டிய பிள்ளையை வெட்டுவதா? வெட்டிவிட்டுப் பின்வாசலில் ஓடி வத்தல்மலையில் பதுங்குவதா? அந்தப் பேரைக் கொடுத்தால் அவன் பொன்னாடையாகப் போர்த்திக்கொள்வான், ஐயா!

"அப்ப குடும்பத் தகராறுன்னு உடும்மா!" பின்னால் யார் அது? எழுந்து நின்று சொல்லுங்கண்ணே. தகராறுக்கு இரண்டு பேர் வேண்டாமா? என் பிள்ளை கையில் தட்டல்லவா இருந்தது! கொலை என்று சொல்லுங்கள். எதற்கு என்று கேட்டால் சாதிக்கு என்று சொல்லுங்கள். கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்.

ஆனால் யார் சொல்வது? "சாதி மானத்தக் காப்பாத்திட்டன்டா" என்று அவன் கத்தியதை அக்கம்பக்கத்து வூட்டார் ஏழு பேர் கேட்டார்கள். ஆறு பேருக்கு இப்போது காது கேட்கவில்லையாம். ஏழாமவர் இந்தக் கூட்டத்தில் இருக்கிறார். பேர் சொல்ல மாட்டேன். பயப்படாதீர்கள். எனக்கும் பயம்தான்.

வாசிக்காமல் விட்ட ஓலையை நான் வாசிக்கிறேன். கதிரவனுக்கும் என் மகள் ஆக்சிலியாவுக்கும் நடக்க இருந்த திருமணத்தை எது தடுத்தது என்று தெரிந்தவர்கள், வந்து சொல்லக் கடமைப்பட்டவர்கள். இது மூன்றாம் ஓலை. நாலாவது கிடையாது.

பொறுமையாகக் கேட்ட எல்லோருக்கும் என் கும்பிடு. வியாழன் காலை பத்து மணிக்குக் கோர்ட்டு வாசலில் நிற்பேன். வந்துவிடுங்கள், ஐயா.